இடிபாடு, காடு, கடல்: காரைக்குடியில் தங்கி ஆறு நாளில் மூன்றையும் பார்க்க முடியுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. கோயம்புத்தூரிலிருந்து காரில் வருகிறீர்கள். மகளுக்கு 16 வயது, மகனுக்கு 13. கூடவே மூட்டுவலியோடு 71 வயது அம்மா. அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் ஆறு நாள் கிடைக்கிறது, தங்குவதற்குக் காரைக்குடியில் சித்தப்பா வீடு இருக்கிறது. பழைய இடிபாடுகள், காடு, கடற்கரை மூன்றும் ஒரே பயணத்தில் வேண்டும். கம்போடியாவுக்கே போயிருக்கலாமோ என்று கடைசி வரியில் ஒரு பெருமூச்சும் விட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறதே, "கோயில் என்றாலே இரண்டு பேரும் காரை விட்டு இறங்குவதில்லை" என்று, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. இந்த வறண்ட சீமையில் அந்த வயதுப் பிள்ளைகளைக் காரை விட்டு இறங்கவைக்க என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. நான் சிவகங்கை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் 24 வருஷம் வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவள். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பையும் பதினொன்றாம் வகுப்பையும் வேனில் ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கமெல்லாம் சுற்றியிருக்கிறேன். கல், கல்வெட்டு, வீடு பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். காட்டைப் பற்றிச் சொல்வது பாதி படித்தது, பாதி நடந்து பார்த்தது. கடலில் மட்டும் நான் கரையில் நிற்கிற ஆள். அங்கே படகுக்காரர் சொல்வதற்குமேல் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதலில் ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்க்கிற அடர்ந்த மழைக்காடு இங்கே கிடையாது. கோபுரத்தைக் கவ்விக்கொண்டு வேர் இறங்கும் காட்சிதான் வேண்டுமென்றால் கம்போடியாவுக்குத்தான் போக வேண்டும். இங்கே இருப்பது வேறு மூன்று வகை: அய்யனாருக்காக வெட்டாமல் விட்ட கோயில்காடு, பாறைக் குன்றுகளின் புதர்க்காடு, கடலோரத்து அலையாத்திக் காடு. மூன்றுமே பிள்ளைகளுக்கு நடக்கவும், ஏறவும், துடுப்புப் போடவும் இடம் தருபவை. தூர நின்று வேடிக்கை பார்க்கிற காடுகளைவிட இதை நான் உசத்தியாகவே சொல்வேன்.

இடிபாட்டில் ஆரம்பியுங்கள், அதுவும் கோயிலில் இல்லாமல் வீட்டில். காரைக்குடிக்குப் பக்கத்துச் செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானில் காலை ஏழு மணிக்கு இரண்டு பேரிடமும் வாடகை சைக்கிளைக் கொடுத்துவிட்டு, நீங்கள் பின்னால் மெதுவாகக் காரில் வாருங்கள். ஒரு தெருவில் முகப்பு இருந்தால், அதே வீட்டின் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்பு, வளவு என்கிற நடுமுற்றம், இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வீடு தெருவுக்குத் தெரு நீண்டுகொண்டே போகும். பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிய சுவர். பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் கூரை இறங்கி, வளவுக்குள் ஆலங்கன்று முளைத்திருக்கும். பிள்ளைகள் முதலில் கேட்பது, "இவ்வளவு பெரிய வீட்டை ஏன் பூட்டிப் போட்டிருக்கிறார்கள்?" என்பதுதான். அந்தக் கேள்வி வரும்வரை நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் பாதி வெற்றி.

பதில் கடலுக்கு அப்பால் இருக்கிறது. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவில் வட்டிக்கடை வைத்து நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930ஐ ஒட்டி உலகச் சந்தையில் அரிசி விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கைக்கு வந்தது. 1930ல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஆறு சதவீதம் நிலம் அவர்களிடம் இருந்தது; 1938ல் அது இருபத்தைந்து சதவீதம். லாபம் மாதிரி தெரிகிற இது உண்மையில் பொறி. கையில் இருந்த பணம் நகர்த்த முடியாத மண்ணாகிவிட்டது, அந்த ஊர்க்காரர்களின் கோபமும் கூடவே சேர்ந்தது. 1942ல் ஜப்பான் படை உள்ளே வந்தபோது பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். வீட்டைக் கட்டிய பணம் வந்த வழி அடைபட்டது. அதற்குப் பிறகு ஒரு வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள். ஓடு மாற்ற வேண்டுமென்றாலும் எல்லோரும் தலையாட்ட வேண்டும். 2014ல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பட்டியலில் ஏறியதால் ஓடு ஒழுகுவது நிற்கவில்லை. சாயங்காலம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அழைத்துப் போங்கள். பிரித்த வீடுகளின் கதவு, தூண், பீங்கான், எனாமல் தூக்குவாளி எல்லாம் கடை கடையாக அடுக்கியிருக்கும். காலையில் பார்த்த வீட்டின் நிலைப்படி மாதிரியே ஒன்று விலைச்சீட்டோடு நிற்பதை என் மாணவி ஒருத்தி பார்த்துவிட்டு, வேனில் ஏறியும் வெகுநேரம் பேசவில்லை.

ஒன்று கவனம். பூட்டிய வீடும் யாரோ ஒருவருடைய வீடுதான். உடைந்த சுவர் வழியே ஏறிக் குதிப்பது சாகசம் ஆகாது. காவலிருக்கும் அண்ணனிடமோ, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியிடமோ "உள்ளே பார்க்கலாமா?" என்று உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கதவு திறக்கும். திறக்காவிட்டால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். இடிந்த கட்டுக்குள் போகும்போது ஷூ கட்டாயம். கட்டுவிரியனுக்குப் பழைய செங்கல் குவியல் என்றால் சொந்த வீடு. ஊரணியைக் கண்டதும் குதிக்கத் தோன்றும். பல ஊர்களில் அது இன்னும் குடிதண்ணீர், கால் நனைக்கக்கூடாது. திரும்பும் வழியில் ஆத்தங்குடியில் தளக்கல் போடுவதைக் காட்டுங்கள். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைக்கிறார்கள்; சூளையே கிடையாது. கேட்டால் ஒரு கல் போட்டுப் பார்க்க விடுவார்கள்.

இரண்டாம் நாள் காலை திருமயம் கோட்டை. காரைக்குடியிலிருந்து முப்பது நாற்பது நிமிஷம்தான். 1687ல் ராமநாதபுரத்துச் சேதுபதி மன்னர் கட்டியது என்று சொல்கிறார்கள். பாறையைச் சுற்றி மதில், உச்சியில் பீரங்கி, பாறையின் பக்கவாட்டில் இரும்பு ஏணி வைத்து ஏறிப் பார்க்கிற குடைவரை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை இங்கே அடைத்துவைத்தார்கள் என்று கேட்பீர்கள், ஊமையன் கோட்டை என்ற பெயரும் உண்டு. அதை நான் வகுப்பில் கதை என்று சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். மதியம் வீட்டுக்கு வந்து தூங்குங்கள். மார்கழியானாலும் பதினொன்றிலிருந்து மூன்று வரை பாறை மேல் நிற்கக்கூடாது. ஒரு தடவை மதியம் பன்னிரண்டுக்குச் சித்தன்னவாசலில் ஒரு பையன் மயங்கி விழுந்தான். நேரத்தைத் தப்பாகப் போட்டது நான்தான். அன்றிலிருந்து என் பயணங்களில் நடுப்பகல் என்பது சாப்பாடும் தூக்கமும்.

மூன்றாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உச்சம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். முந்தின நாள் இரவு ஒரு காகிதத்தில் தமிழி, அதாவது பழைய தமிழ் பிராமி, எழுத்துகள் இருபதை எழுதி இரண்டு பேருக்கும் பழக்குங்கள். க என்பது கூட்டல் குறி, ட என்பது ஒரு பக்கம் திறந்த பிறை, ம என்பது கிண்ணத்தின் குறுக்கே கோடு. அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவார்கள், அம்மா அப்பாவுக்குப் புரியாமல் தங்கள் பெயரை எழுதிக்கொள்ளவும் ஆரம்பித்துவிடுவார்கள். காலையில் சித்தன்னவாசல் ஏழடிப்பட்டம் ஏறுங்கள். பாறை விளிம்பில் கம்பி பிடித்துப் போகிற ஒடுங்கிய வழி, அந்தப் பக்கம் செங்குத்துச் சரிவு. உள்ளே சமணத் துறவிகள் படுத்த, வழுவழுவென்று இழைத்த கற்படுக்கைகள். அவற்றில் பெரியதைச் சுற்றி ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்து ஓடுகிறது. எருமிநாடு என்ற ஊர்ப்பெயரும், இருக்கை என்று பொருள்படும் அதிட்டானம் என்ற சொல்லும் அதில் வருகின்றன. எருமிநாடு எது என்பதில் ஆய்வாளர்கள் மைசூர்ப் பக்கத்தைச் சுட்டுகிறார்கள், அது ஊகம். ஆனால் முதல் நாள் இரவு பழகிய எழுத்தைக் கல்லில் விரல் படாமல் ஒவ்வொன்றாகக் கூட்டி, 'நா', 'டு' என்று ஒரு பிள்ளை வாசிப்பதில் ஊகம் ஒன்றுமில்லை. கோயில் என்றால் இறங்காத பிள்ளைகளும் அதற்கு இறங்குவார்கள்.

அடிவாரத்தில் இருக்கும் சமணக் குடைவரையான அறிவர் கோயிலின் ஓவியத்தைப் பல பழைய புத்தகங்கள் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது என்று போட்டிருக்கும். அங்கேயே உள்ள கல்வெட்டு அதை மறுக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அதைப் புதுப்பித்ததாகச் சொல்கிறது. ஆசிரியன் என்ற அந்தச் சொல்லில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். விதானத்துத் தாமரைக்குளத்தில் மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் ஆள் எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். கண் பழக இரண்டு நிமிஷம் கொடுங்கள். கருவறை நடுவில் நின்று வாயை மூடி 'ம்ம்ம்' என்று இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறை திருப்பிப் பாடும்.

வழியில் நமணசமுத்திரத்தில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட மண்குதிரைகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பாருங்கள். புதுசு பளபளப்போடு, பழசு தலையில்லாமல், அதைவிடப் பழசு வெறும் ஓடாக மண்ணில். இந்தப் பக்கத்தில் அய்யனார் இருக்கிற இடத்தில்தான் வீரை, காசா, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. கடலோரச் சமவெளி முழுக்க ஒரு காலத்தில் இருந்த, கோடையிலும் இலை உதிர்க்காத குட்டைக் காட்டின் மிச்சம் அது. சுள்ளி பொறுக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று ஊரில் சொன்னால் எதிர்க்கேள்வி வேண்டாம், அந்தக் கட்டுப்பாடுதான் காட்டைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மாலை நாலரைக்கு நார்த்தாமலை. மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் மேற்குப் பார்த்து நிற்கிறது, அதனால் சூரியன் இறங்கும் நேரம்தான் அதற்கு அழகு. சோழன் பெயரைத் தாங்கினாலும் அதைக் கல் கோயிலாக எடுத்தவர் முத்தரையர் குலச் சிற்றரசர் ஒருவர் என்றும், மழையில் சிதைந்ததை இன்னொருவர் புதுப்பித்தார் என்றும் கல்வெட்டு சொல்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டக் கருவறை. எதிரே குடைவரையில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு. பெரும்பாலான நாட்களில் கூட்டம் இருக்காது. ஆனால் பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு இருக்கும். என்னோடு வந்த பையன் ஒருவன் கல்லெறிந்து, பதினோரு பேர் கொட்டு வாங்கி, அந்த வருஷம் தலைமையாசிரியர் அறையில் நான் நின்ற நிற்பு இன்னும் மறக்கவில்லை. வாசனைத் திரவியம் பூசாதீர்கள், கத்தாதீர்கள், இருட்டுக்கு முன் இறங்கிவிடுங்கள்.

நாலாம் நாள் மலையும் பறவையும். பிரான்மலைக்கு விடியும் முன் கிளம்புங்கள். இதுதான் பாரியின் பறம்பு என்பது மரபு. மறுப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு மரபே போதும். அடிவாரத்தில் சம்பந்தர் பாடிய கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் ஷேக் அப்துல்லா தர்கா. மேலே போகிற வழி மரமும் பாறையுமாக நல்ல செங்குத்து. இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், குரங்கு பையைப் பிடுங்கும். திரும்பும்போது திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். 1977லிருந்து சரணாலயம், ஆனால் அதற்கு முன்பிருந்தே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் டிசம்பர் கடைசியில் கண்மாய் முழுக்க இருக்கும், மழை பெய்து தண்ணீர் நின்றிருந்தால். மழை பொய்த்த வருஷம் என்றால் இதை விட்டுவிட்டு, மேலூர் பக்கம் அரிட்டாபட்டிக்குப் போங்கள். 2022ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த இடம், அங்கேயும் குகைத்தளத்தில் தமிழி எழுத்து உண்டு.

ஐந்தாம், ஆறாம் நாள் கடல். இங்கேதான் காலம் பார்க்க வேண்டும். பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். பெண்கடல் சாதாரணமாக ஆழமில்லாமல் குளம் மாதிரி கிடக்கும். ஆனால் நீங்கள் வரும் மாதம் வாடைக்காற்று, அப்போது அந்தப் பக்கம்தான் குமுறும், தெற்குப் பக்கம் அடங்கியிருக்கும். ஆகவே நீச்சலைத் திட்டத்திலேயே வைக்காதீர்கள். தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், துடுப்புப் படகும் உண்டு. வாய்க்கால் உள்ளடங்கி இருப்பதால் வாடையிலும் பல நாள் ஓடும். ஓடுமா என்று முதல் நாளே ஃபோனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் மேல்நோக்கி நிற்கிற மூச்சு வேர்களை மகன் கேட்பான். உப்புச் சேற்றில் காற்று இல்லை, அதனால் வேரே வெளியே வந்து மூச்சு விடுகிறது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி. அந்தப் பெயருக்கு நான் ஒரு பாடவேளையே கொடுத்திருக்கிறேன்.

இரவு ராமேஸ்வரத்தில் தங்காதீர்கள். ஐயப்ப பக்தர்கள் கூட்டம் உச்சத்தில் இருக்கிற மாதம், அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்க முடியாது. ராமநாதபுரமோ மண்டபமோ போதும். மறுநாள் நீங்கள் காரை ஓட்டிக்கொண்டு போங்கள், பிள்ளைகளை அவர்கள் அம்மாவோடு மண்டபத்தில் ரயில் ஏற்றுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்பிக் கப்பலுக்கு வழி விடுகிறது. அதற்கு முன் இருந்தது 1914ஆம் வருஷத்துப் பழைய பாலம். 1964 புயலில் அது சிதைந்தபோது 46 நாளில் சரிசெய்து காட்டியவர் ஸ்ரீதரன், பின்னால் டெல்லி மெட்ரோ கட்டியவர்.

அந்தப் புயல் அழித்த ஊர்தான் ராமேஸ்வரத் தீவின் முனையில் இருக்கும் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை, நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு, ஊரை எட்டும் முன் கடல் எடுத்துக்கொண்டது. அதுவரை சென்னையில் ரயில் ஏறினால் இங்கே இறங்கிக் கப்பலில் இலங்கையின் தலைமன்னார் போகலாம். நகரத்தார் குடும்பங்கள் இலங்கைக்குப் போன வழிகளில் இதுவும் ஒன்று, முதல் நாள் பார்த்த வீடுகளுக்குப் பணம் வந்த வழிகளிலும் ஒன்று. இதை மட்டும் நீங்களே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பவளக்கல்லில் கட்டிய தேவாலயத்தின் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், மணலில் ஒரு முழம் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிற மீனவப் பெண்கள். 2017க்கு முன் மணலில் வேன் புதையப் புதையப் போவோம், இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோடு. வசதிதான், சாகசம் போய்விட்டது என்பது என் புலம்பல். முனையில் இரண்டு கடலும் சேரும் இடத்தில் இழுப்பு பயங்கரம், முழங்கால் தண்ணீரில்கூட இறங்க விடாதீர்கள். இருட்டுவதற்குள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, நமணசமுத்திரம், காரங்காட்டுப் படகு, தனுஷ்கோடி எல்லாவற்றுக்கும் தாராளமாக வரலாம். படகில் ஏறும்போது மட்டும் கை பிடித்துவிடுங்கள். திருமயத்தில் கோட்டைக்குக் கீழே பெருமாளும் சிவனும் பக்கத்துப் பக்கத்துக் குடைவரையில் இருக்கிறார்கள், நீங்கள் ஏறி இறங்குவதற்குள் அவர்கள் நிதானமாகக் கும்பிட்டு முடித்திருப்பார்கள். சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்தை விட்டுவிட்டு அறிவர் கோயிலை மட்டும் பார்க்கட்டும். நார்த்தாமலையும் பிரான்மலையும் வேண்டவே வேண்டாம். நாலாம் நாள் அவர்களைச் சித்தப்பா வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், மத்தியானம் நீங்கள் பசியோடு திரும்பும்போது வெள்ளைப் பணியாரம் தயாராக இருக்கும்.